‘அப்பா என்ன பண்றாரு?’ – ஒரு இன்டர்வியூவும் நம்ம கேள்விகளும்

இன்டர்வியூவுக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி எங்க வீட்டில் நடந்த பஞ்சாயத்து ரவுட்டர் பற்றியதோ சப்நெட் பற்றியதோ அல்ல. பயோடேட்டாவில் எந்த அட்ரஸைப் போடுவது என்பதைப் பற்றியது.

‘‘மூலக்கொத்தளம்னு போடாத மச்சான். உங்க அத்தை வீட்டு அட்ரஸ் போடு, பெரம்பூர்னு வரும்’’ என்றான் கூட்டாளி. எனக்கு முன்னால் நாலு கம்பெனி ஏறி இறங்கினவன். ‘‘அப்பா இன்னா பண்றாருன்னு கேப்பான். ஹார்பர்ல மூட்ட தூக்குனாருன்னு சொல்லி வெக்காத. லாஜிஸ்டிக்ஸ்ல இருந்தாருன்னு சொல்லு.’’

நைனா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ‘‘அது இன்னாடா லாஜிஸ்டிக்கு?’’ என்றார். சரக்கை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு சேர்க்கிற தொழில் என்று சொன்னேன். ‘‘அதத்தானடா முப்பது வருசமா பண்ணிக்கினு இருந்தேன்’’ என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அட்ரஸ் பிரச்சினை தீரவில்லை.

மூலக்கொத்தளம் என்றால் சென்னைக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சுடுகாடு. தமிழ்ப்பற்றாளர்களுக்கு ஞாபகம் வருவது மொழிப்போர். ராஜாஜி அரசாங்கம் பள்ளிகளில் இந்தியைத் திணித்ததை எதிர்த்துச் சிறைக்குப் போய், 1939 சனவரி 15-ல் செத்துப்போன நடராசன் ஒரு தலித் இளைஞர். அடுத்து மார்ச்சில் தாளமுத்து. இரண்டு பேரும் அடக்கமானது எங்க மூலக்கொத்தளத்தில்தான். எழும்பூரில் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கட்டடத்துக்கு இவர்கள் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். வருசா வருசம் கொடியும் மாலையுமாக வந்து போகிறார்கள். வரலாற்றில் அவ்வளவு மரியாதைக்குரிய அட்ரஸ், ஒரு பயோடேட்டாவில் மட்டும் எப்படி மறைக்க வேண்டிய அட்ரஸாக ஆகிறது? இதை யோசிக்காமல் ‘தகுதி’, ‘திறமை’ என்று யார் பேசினாலும் நாம் காது கொடுக்க வேண்டியதில்லை.

நான் மூலக்கொத்தளம் என்றே போட்டேன். வீரமெல்லாம் ஒண்ணும் இல்லை. ஆதார் அட்டையில் அதுதான் இருந்தது.

கம்பெனி பழைய மகாபலிபுரம் ரோட்டில் இருக்கிறது. பேரைச் சொல்லப் போவதில்லை. பேரைச் சொன்னால் இது ஒரு கம்பெனியின் கோளாறு, ஒரு மேனேஜரின் கெட்ட குணம் என்று முடித்துவிடுவார்கள். நான் பேச வந்தது அந்த ஒரு ஆளைப் பற்றி இல்லை.

வேலை நெட்வொர்க் இன்ஜினியர் வேலை. முதல் சுற்று கம்ப்யூட்டரில் பரீட்சை, தேறினேன். இரண்டாவது சுற்றில் டெக்னிக்கல் கேள்விகள். கேட்டவர் என்னைவிட இரண்டு மூன்று வயசு பெரியவர், நல்லபடியாகத்தான் பேசினார். ஓ.எஸ்.ஐ. மாடலில் ஏழு அடுக்கு எவை? டி.சி.பி.யில் இரண்டு மெஷின்கள் பேச ஆரம்பிக்கும் முன்னால் மூன்று தடவை கைகுலுக்குவது எப்படி? /26 என்று பிரித்தால் எத்தனை அட்ரஸ்? (64. முதலும் கடைசியும் போக 62-ஐ மெஷின்களுக்குத் தரலாம்.) டிரேஸ்ரூட் எப்படி வேலை செய்கிறது? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் இங்கிலீஷ் தடுக்கியது, விசயம் தடுக்கவில்லை. ஏனென்றால் நான் இந்த வேலையைப் புஸ்தகத்தில் மட்டும் படித்தவன் இல்லை. படித்து முடித்த பிறகு மூன்று வருசம் பாரிமுனையிலும் சவுகார்பேட்டையிலும் ஒரு காண்ட்ராக்டரிடம் ஃபைபர் இழுத்தவன். குழிக்குள் இறங்கி கேபிள் தள்ளியிருக்கிறேன். மழையில் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு முடியைப்போல மெலிசான கண்ணாடி இழையை மெஷினில் வைத்து ஒட்டியிருக்கிறேன்.

அந்த ஏழு அடுக்கில் முதல் அடுக்கு ‘பிசிக்கல்’. கம்பி, கேபிள், ஃபைபர், குழி. இந்த ஊரில் அந்த அடுக்கில் வேலை செய்கிறவர்கள் யார் என்று ரோட்டோரம் நின்று பார்த்தாலே தெரியும். அதற்கு யாரும் இன்டர்வியூ வைப்பதில்லை. ‘நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வந்துடு’ என்பதோடு சரி. மேல் அடுக்குக்குப் போகும்போதுதான் அப்பா யார், ஊர் எது என்று ஆரம்பிக்கிறது.

மூன்றாவது சுற்றில் அதுதான் ஆரம்பித்தது. மேனேஜர் ஒருவர், பக்கத்தில் எச்.ஆர். அம்மா ஒருவர்.

‘‘நீங்க எந்த ஏரியா?’’ சொன்னேன். ‘‘ஓ, அது எங்க வரும்... பேசின் பிரிட்ஜ் பக்கமா?’’

‘‘அப்பா என்ன பண்றாரு?’’ லாஜிஸ்டிக்ஸ் என்று வாயில் வந்தது. ராத்திரி சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்து ‘‘ஹார்பர்ல லோடுமேன் சார்’’ என்று வந்துவிட்டது.

‘‘வீட்டுல வேற யாராவது ஐ.டி.ல இருக்காங்களா?’’ இல்லை.

‘‘இன்ஜினியரிங் கவுன்சலிங்ல உங்க கட்-ஆஃப் எவ்வளவு?’’

வாசகர்களில் மாணவர்கள் இருப்பீர்கள். இந்தக் கடைசிக் கேள்வியின் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். வேலைக்கு வந்திருப்பவனிடம், மூன்று வருசம் ஃபீல்டில் இருந்தவனிடம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வாங்கிய கட்-ஆஃப் எதற்கு? கட்-ஆஃபையும் காலேஜையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பட்டியலில் உள்ளே வந்தவன் என்று தெரிந்துபோகும். சாதியைக் கேட்காமலே சாதியைக் கேட்கிற வித்தை இது. ‘நீ என்ன ஆளு?’ என்று ஊர்த் திண்ணையில் கேட்டவரின் பேரன் ‘‘கட்-ஆஃப் எவ்வளவு?’’ என்று ஏ.சி. ரூமில் கேட்கிறார்.

பத்து நாள் கழித்து மெயில் வந்தது. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. இப்போதைக்கு வேறு நபர்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். உங்கள் விவரங்களை எங்களிடம் வைத்திருப்போம்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிடுவார். ‘சாதியினால்தான் உங்களை எடுக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?’ நியாயமான கேள்வி. என்னிடம் ஆதாரம் இல்லை. இன்னும் சொல்லப்போனால், நான் அந்த வேலைக்குச் சரியான ஆளாக இல்லாமலே போயிருக்கலாம். என்னைவிட நன்றாகப் பதில் சொன்னவர்கள் பத்துப்பேர் வந்திருக்கலாம். ஆனால் அப்படித்தான் என்று சொல்ல அவர்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? எதில் எனக்கு எத்தனை மார்க்? வந்தவர்கள் எத்தனை பேர், எடுத்தது யார் யாரை? அட்ரஸுக்கும் அப்பாவுக்கும் கட்-ஆஃபுக்கும் எத்தனை மார்க் போட்டார்கள்? ஃபைபர் எங்கேயாவது அறுந்துபோனால் ஓ.டி.டி.ஆர். என்கிற கருவியை மாட்டினால் போதும், எத்தனையாவது மீட்டரில் அறுந்திருக்கிறது என்று சொல்லிவிடும். நான் எங்கே அறுந்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

தோற்பது நமக்குப் புதுசா? டி.என்.பி.எஸ்.சி. எழுதித் தோற்றிருக்கிறோம், ரயில்வே எழுதித் தோற்றிருக்கிறோம். அங்கே மார்க் வெளிவருகிறது. வகுப்புவாரியாகக் கட்-ஆஃப் வெளிவருகிறது. தமிழ்நாட்டு அரசு வேலையில் 200 புள்ளி ரோஸ்டர் இருக்கிறது. எத்தனையாவது இடம் யாருக்கு என்று சுவரில் ஒட்டலாம். தோற்றவன் கோர்ட்டுக்குப் போகலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம், அல்லது ‘ரெண்டு மார்க்ல போச்சு’ என்று அடுத்த வருசம் எழுதலாம். இடஒதுக்கீடு நமக்கு வேலையை மட்டும் கொடுக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கிற உரிமையையும் கொடுத்தது. தனியார்மயம் அந்த இரண்டையும் சேர்த்தேதான் பிடுங்கியது. நாம் முதலாவதைப் பற்றி மட்டும் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசவே இல்லை.

நெட்வொர்க் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் கம்பி இழுத்து ஊரையும் ஊரையும் இணைக்கிற வேலை நேற்றுவரை அரசாங்க வேலை. தொலைத்தொடர்புத் துறையில் லைன்மேனிலிருந்து இன்ஜினியர்வரை ரோஸ்டர் உண்டு. சேரியிலிருந்து போன முதல் தலைமுறை டெலிபோன் ஆபீஸில் மேஜை நாற்காலி போட்டு உட்கார்ந்தது அப்படித்தான். 2000 அக்டோபரில் அந்தத் துறை பி.எஸ்.என்.எல். என்கிற கம்பெனியானது. வெளிநாட்டு கேபிள்களைக் கையில் வைத்திருந்த வி.எஸ்.என்.எல். 2002-ல் டாடாவின் கைக்குப் போனது. 2020 சனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்ட பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியே போனார்கள். வேலை ஒழிந்துபோகவில்லை. நெட்வொர்க் முன்பைவிடப் பல மடங்கு பெரிதாகிவிட்டது. சிங்கப்பூருக்கும் அந்தமானுக்கும் கடலடி கேபிள் நம்ம சென்னைக் கரையிலிருந்துதான் போகிறது. ரோஸ்டர்தான் ஒழிந்துபோனது. அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. வேலைகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டன.

‘தனியார் கம்பெனிக்குச் சாதி தெரியாது, லாபம்தான் தெரியும்’ என்று ஒரு வேதாந்தம் உண்டு. 2007-ல் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பத்திரிகைகளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் அனுபவமும் சமம். பேர் மட்டும் வேறு. சாதி இந்துப் பேருக்கு அழைப்பு வருகிற வாய்ப்பை ஒன்று என்று வைத்தால் தலித் பேருக்கு அது 0.67, முசுலிம் பேருக்கு 0.33. இன்டர்வியூ ரூமுக்குள் நுழையும் முன்பே மூன்றில் ஒரு பங்கு போச்சு. அதே சமயத்தில் சுரிந்தர் ஜோத்காவும் காத்ரின் நியூமனும் டில்லிப் பக்கம் 25 கம்பெனிகளின் ஆளெடுக்கும் அதிகாரிகளிடம் பேசினார்கள். சாதி பார்க்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. தகுதிதான் முக்கியம் என்றார்கள். அதே மூச்சில், ‘குடும்பப் பின்னணி’ ரொம்ப முக்கியம், அதைக் கட்டாயம் விசாரிப்போம் என்றார்கள். அப்பா என்ன வேலை, அண்ணன் தம்பி என்ன படிப்பு, எந்த ஊர். என்னிடம் கேட்ட கேள்வி ஏதோ ஒரு மேனேஜர் அன்றைக்குத் தோன்றிக் கேட்ட கேள்வி இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். தகுதி என்பது ஒருத்தனுடையது என்றால் அவன் அப்பனை எதற்கு விசாரிக்கிறாய்? அப்பனை விசாரிக்கிறாய் என்றால் அது தகுதி இல்லை, பிறப்பு.

கூட்டாளி சொன்ன யோசனைக்கு வருகிறேன். மறைத்துக்கொண்டு உள்ளே போய்விடு. உள்ளே போன பிறகு வேலையைக் காட்டு. நம்மில் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படித்தான் உள்ளே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வயிறு எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் மறைப்பது எதுவரை தாங்கும்?

நெட்வொர்க் படிக்கிற எல்லாருக்கும் சிஸ்கோ என்கிற பேர் தெரியும். நாம் கையால் தொட்டுப் பழகும் ரவுட்டரும் ஸ்விட்சும் அவர்களுடையது, சி.சி.என்.ஏ. சர்ட்டிஃபிகேட் அவர்களுடையது. 2020 சூன் 30 அன்று கலிஃபோர்னியா மாநில அரசின் வேலைவாய்ப்பு உரிமைத் துறை அந்தக் கம்பெனியின் மீதே சாதிப் பாகுபாட்டு வழக்குப் போட்டது. அரசின் குற்றச்சாட்டு இது: அங்கே வேலை பார்த்த ஒரு தலித் இன்ஜினியர் ஐ.ஐ.டி.க்கு இடஒதுக்கீட்டில் வந்தவர் என்பதை, அதே ஐ.ஐ.டி.யில் படித்த அவருடைய மேலதிகாரி உடன் வேலை செய்கிறவர்களிடம் சொன்னார், 2016-ல் புகார் கொடுத்தபோது, சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் இல்லை என்று கம்பெனிக்குள் முடிவு சொன்னார்கள், அவர் ஒதுக்கப்பட்டார். கம்பெனி இதை மறுத்தது. 2023 ஏப்ரலில் அந்த இரண்டு அதிகாரிகள் மீதான வழக்கை அரசே வாபஸ் வாங்கியது. கம்பெனி மீதான வழக்கை அன்றைக்கு விடவில்லை. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. நான் பார்ப்பது வேறு. பதின்மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டி, சான் ஓசே நகரத்தில், உலகத்துக்கே ரவுட்டர் செய்கிற கம்பெனியில் ஒரு வழக்கு எழுகிறது. அந்த வழக்கின் நடுவில் நிற்பதும் ‘நீ எந்தப் பட்டியலில் உள்ளே வந்தாய்?’ என்ற அதே கேள்விதான். மூலக்கொத்தளத்துப் பையனிடம் கட்-ஆஃப், ஐ.ஐ.டி.காரரிடம் ரேங்க். அத்தை வீட்டு அட்ரஸைப் போட்டால் இது தீர்ந்துவிடுமா மச்சான்?

அதற்குப் பிறகு 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிஃபோர்னியாவில் சட்டசபை நிறைவேற்றிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் நிராகரித்தார். அங்கே ஒரு நகரம் செய்தது, ஒரு மாநிலம் தடுமாறியது. சாதி பிறந்த நாட்டில் தனியார் ஆளெடுப்பைப் பற்றி என்ன நடந்தது? 2004-ல் வந்த மத்திய அரசு தனியார்துறை இடஒதுக்கீடு பற்றிப் பேச்சை எடுத்தது. முதலாளிகள் சங்கங்கள் 2006-ல் ஜே.ஜே. இரானி தலைமையில் ஒரு குழுவைப் போட்டு, ‘சட்டம் வேண்டாம், நாங்களே மனமுவந்து செய்கிறோம்’ என்றார்கள். மனமுவந்து செய்கிறவர்கள் கணக்கைக் காட்டலாமே? பங்குச்சந்தையில் முதல் ஆயிரம் கம்பெனிகள் பெண் ஊழியர்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை என்று 2022-23 முதல் அறிக்கை தர வேண்டும் என்பது செபியின் விதி. நல்ல விதி. அதில் தலித் எத்தனை, பழங்குடி எத்தனை என்று ஒரு கட்டம் இல்லை. கூகுள் 2014-ல் அமெரிக்காவில் கறுப்பர்கள் எத்தனை பேர் என்று வெளியிட்டது. குறைவாக இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டே வெளியிட்டது. அங்கே எண்ணலாம், இங்கே எண்ணக் கூடாதா?

எண்ணுவது நம்ம ஊருக்குப் புதுசில்லை. 1921-ல் நீதிக்கட்சி ஆட்சியின் வகுப்புவாரி ஆணை, அரசாங்க ஆபீஸ்களில் எந்த வகுப்பில் எத்தனை பேரை எடுத்தீர்கள் என்று ஆறு மாசத்துக்கு ஒருமுறை கணக்குக் கேட்டது. அந்தக் கணக்கிலும் நமக்குத் தனிக் கட்டம் இல்லை. 1927-ல் வேலைகளைப் பன்னிரண்டாகப் பங்கிட்டபோதுதான் தாழ்த்தப்பட்டோருக்கு என்று ஒன்று எழுதப்பட்டது. சமூகநீதி மண் என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிற திராவிடக் கட்சிகளுக்கு ஒரு கேள்வி: நூறு வருசத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் ஆட்சியின் கீழ் ஆபீஸ்களிடம் கேட்ட கணக்கை, இன்றைக்கு ஓ.எம்.ஆர். கம்பெனிகளிடம் கேட்க ஏன் நா எழவில்லை? தரமணியில் டைடல் பார்க்கைக் கட்டியதே அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும்தானே? அந்த ரோடு நெடுக நிலமும் சலுகையும் கொடுத்தது மக்கள் வரிப்பணம்தானே?

அதே ரோட்டோரத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் பிடுங்கிப்போட்ட சனங்கள். காலையில் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் முதலில் நுழைகிறவர்கள் அவர்கள்தான், துடைப்பமும் பக்கெட்டுமாக. அந்த வேலைக்கும் ‘கண்ணகி நகர்’ என்று சொன்னால் தயங்குகிறார்கள் என்று அங்கே இருக்கிற பெண்கள் சொல்கிறார்கள். ஆக, கக்கூஸ் கழுவப் போனாலும் அட்ரஸ், ரவுட்டர் பார்க்கப் போனாலும் அட்ரஸ்.

‘இடஒதுக்கீடு வந்தால் தரம் போய்விடும், நெட்வொர்க் படுத்துவிடும்’ என்பார்கள். ஐயா, ஃபைபரை ஒட்டியது நாங்கள். அது படுக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அறுந்தால் குழிக்குள் இறங்குகிறவனை நம்பித்தான் உங்கள் வங்கியும் உங்கள் ஆஸ்பத்திரியும் ஓடுகின்றன. முதல் அடுக்கில் நம்பலாம், மூன்றாவது அடுக்கில் நம்ப முடியாது என்றால் அதற்கு டெக்னிக்கல் காரணத்தைச் சொல்லுங்கள். நான் டெக்னிக்கலாகவே பதில் சொல்கிறேன்.

நாம் கேட்க வேண்டியது மூன்று. ஒன்று: இன்டர்வியூவில் கேட்ட கேள்விகளும் போட்ட மார்க்கும் எழுத்தில் இருக்க வேண்டும், கேட்டால் வந்தவனுக்குத் தர வேண்டும், அப்பன், ஏரியா, கட்-ஆஃப் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. இரண்டு: பெண்கள் கணக்கைப்போல சாதிக் கணக்கையும் கம்பெனிகள் வருசா வருசம் வெளியிட வேண்டும். மூன்று: தனியார்துறையில் சட்டப்படி இடஒதுக்கீடு. மூன்றாவது வரும்வரை முதல் இரண்டைக் கேட்காமல் இருக்கக் கூடாது. முதல் இரண்டு இல்லாமல் மூன்றாவது வந்தாலும் அது காகிதத்தில்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவர்கள் காட்டாத கணக்கை நாம் எழுதி வைக்கலாம். இன்டர்வியூவுக்குப் போய்வந்த அன்றைக்கே, என்ன தேதி, எந்தச் சுற்று, யார் கேட்டது, என்ன கேட்டார்கள், நாம் என்ன சொன்னோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கிடைத்தாலும் எழுதுங்கள், கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள். ஒருத்தன் எழுதினால் அது புலம்பல். ஐந்நூறு பேர் எழுதியதைச் சேர்த்து வைத்தால் அதைப் புலம்பல் என்று தள்ள முடியாது. நான் என்னுடையதை எழுதிவிட்டேன். மேலே இருப்பது அதுதான்.

கூட்டாளி அடுத்த வாரம் ஐந்தாவது கம்பெனிக்குப் போகிறான். அட்ரஸ் இன்னும் பெரம்பூர்தான். நான் சொல்லியும் மாற்றவில்லை. ஆனால் இந்தத் தடவை சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.